எழுபதால் வகுத்த முதுமை

கேள்வி: இருபது வருஷமாகத் தனியார் மில்லில் வேலை. மாதாமாதம் 12 சதவீதம் பிடித்தும், பென்ஷன் ஐயாயிரம்கூடத் தேறாதாமே? (வாசகர், பாலக்கோடு)

பதில்: நீங்கள் கட்டும் 12 சதவீதத்தில் ஒரு பைசாகூட பென்ஷனுக்குப் போவதில்லை, அத்தனையும் பி.எஃப். கணக்குக்கு. முதலாளி போடும் 12-ல் 8.33 சதவீதம்தான் பென்ஷன் நிதிக்கு. அதுவும் 2014-ல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள். சம்பளம் முப்பதாயிரமானாலும் போவது 1,250 ரூபாய்தான்.

இனி கணக்கு: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். இருபது வருஷம் முடித்தால் இரண்டு வருஷம் இனாம். 15,000 x 22 / 70 = 4,714 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500 என்பதால் இதிலும் கொஞ்சம் உதிரும்.

58-ல் வாங்காமல் 60 வரை பொறுத்தால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். 50-லேயே அவசரப்பட்டால் அதே 4 வீதம் குறையும். ஆக, பென்ஷனில் லாபம் பார்க்க ஒரே வழி நீண்ட ஆயுள். அதற்கான நெல்லிக்கனியையும் உங்கள் தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்துவிட்டானே!