கரை எஞ்சினீயர்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று குமரி மாவட்டத்தில் எந்தத் துறைக்குப் போனாலும் கரை எஞ்சினீயர் ஒருவர் இருப்பார். குருசடி நிழலில் வலை முடிகிறவர்களுக்கு நடுவே வலை முடியாமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வெள்ளைச் சாரம், தோளில் துண்டு, காதிடுக்கில் பீடி. அந்தச் சாரத்தில் கிரீஸ் பட்டதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. எஞ்சினைத் தொடுகிறவன் மெக்கானிக், தொடாமலே சொல்லுகிறவர் எஞ்சினீயர் என்பது அவர் கொள்கை.

வள்ளம் இன்னும் பாறைக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். இவர் கண்ணை மூடிக் காதைத் திருப்புவார்.

"லேய் மக்கா, அவனுக்க எஞ்சினு இழுக்குது பாத்தியா? ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு சும்மா ஒப்புக்குக் கெடக்கு."

வள்ளம் கரை ஏறிய பிறகு பார்த்தால் அது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினாக இருக்கும். அவர் அசரமாட்டார். "அதத்தாம்லே நானும் சொன்னேன். இன்னொண்ணு இருந்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

எஞ்சின் அறவே கிளம்பவில்லை என்றால் அவருக்குச் சுவாரசியம் இல்லை. கிளம்புகிறது, ஓடுகிறது, ஆனால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் வேகம் ஏறவில்லை என்று ஒருவன் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் துண்டை உதறிப் போட்டு நிமிர்ந்து உட்காருவார். இந்த நோய்க்குக் காரணம் இருபது இருக்கும். இருபதும் அவருக்குத் தெரியும். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தக் காரணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் எஞ்சினைப் பார்த்து முடிவு செய்வதில்லை, எஞ்சின்காரனைப் பார்த்து முடிவு செய்கிறார்.

மச்சினன் வள்ளம் என்றால் குற்றவாளி மண்ணெண்ணெய். "எஞ்சின் தங்கம். எண்ணெயிலதான் தண்ணி." இதில் நியாயமும் இல்லாமலில்லை. நம் கடற்கரையில் பல எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுகிறவை. மண்ணெண்ணெய் கரி கட்டும், பிளக்கை மூடும். அதோடு கலந்து வந்த தண்ணீர் டேங்கின் அடியில் காத்திருந்து, அலையில் வள்ளம் ஆடும்போது ஃபில்ட்டருக்குள் புகும்.

சீட்டுப் பணம் பாக்கி வைத்தவன் வள்ளம் என்றால் எண்ணெய் சுத்தம், பிளக் சுத்தம், ஓட்டுகிறவன் கைதான் பழுது. "எஞ்சினுக்கும் ஒரு மரியாத உண்டும்லே. அவனுக்குத் தெரியாது."

துபாயிலிருந்து வந்து புது எஞ்சின் வாங்கியவனுக்கென்று ஒரு உயர்தர நோய் வைத்திருக்கிறார்: புரொப்பெல்லர் பிட்ச். புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றினால் கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதுதான் பிட்ச். அதில் ஒரு அங்குலம் கூடினால் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 வரை குறையும். இந்தக் கணக்கை விரல் விட்டுச் சொல்லுவார். அந்த வள்ளத்தின் புரொப்பெல்லரைப் போய்ப் பார்த்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது.

இத்தனைக்கும் மூன்று வள்ளத்துக்கும் நோய் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஒருநாள் ஸ்பேனர் பையோடு ஒரு பையன் வந்தான். வள்ளக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, சத்தம் ஏறுது, வள்ளம் போகலியா? இல்ல சத்தமே ஏறலியா?"

பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. சத்தம் ஏறியும் வள்ளம் போகாவிட்டால் கோளாறு தண்ணீருக்குள்: புரொப்பெல்லர் இலை வளைந்திருக்கும், நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கும். சத்தமே ஏறாவிட்டால் எஞ்சினுக்குத் தீனி போதவில்லை, அல்லது சுமை கூடிவிட்டது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கலாம், எண்ணெய்க் குழாய் மடிந்திருக்கலாம், ஆக்சிலேட்டர் கேபிள் கார்புரேட்டரை முழுக்கத் திறக்காமல் இருக்கலாம். தங்கூஸ் நூல் புரொப்பெல்லரைச் சுற்றிப் பிடித்திருக்கலாம், வள்ளத்தின் அடியில் பாசியும் சிப்பியும் குடியேறியிருக்கலாம். இந்த வகைச் சிறிய எஞ்சின்கள் பல முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை ஓட வேண்டியவை. அதற்குக் கீழே நின்றால் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம்.

பையன் ஃபில்ட்டரைத் துடைத்தான், பிளக்கை மாற்றினான், காற்றுத் திருகைத் திறந்தான். சோதனை ஓட்டம் போனார்கள். அப்போதும் வேகம் வரவில்லை. கரை எஞ்சினீயர் வெற்றிப் புன்னகையோடு கையைத் தூக்கினார். "நான் அப்பவே சொன்னேன், பிஸ்டன் போச்சு!"

பையன் வள்ளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். சோதனை ஓட்டத்துக்கு எஞ்சினீயரும் அவருடைய ஆலோசனைக் குழுவுமாக எட்டுப் பேர் ஏறியிருந்தார்கள்.

"மாமா, நீங்க எல்லாரும் பைய எறங்குங்க."

இறங்கினார்கள். வள்ளம் பறந்தது. கரையில் நின்ற எஞ்சினீயர் பக்கத்திலிருந்தவரிடம், "லோடுதான்னு அவனுக்கு இப்பதான் வெளங்கிச்சு" என்றார்.

சரித்திரத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே முட்டத்தில் ப்ளைவுட் வள்ளம் கட்டப் பழக்கினார். அப்போது பக்கத்திலிருந்து அளவு சொன்னது தாம்தான் என்பார். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றதற்கும் அவரிடம் காரணம் இருக்கிறது: "கப்பலுக்க அடியில பாசிலே. எவனாவது சொரண்டினானா?" அவர்கள் சரணடைந்தது கரையில் அல்லவா என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டார். "பின்ன? பாசி புடிச்ச கப்பல வச்சுக்கிட்டு கரையிலல்லாம எங்க நிப்பான்?" வாத்தியார் அதோடு அந்தப் பக்கம் வருவதில்லை.

அவருடைய தொழிலுக்கு ஓய்வு காலம் கிடையாது. விசைப்படகுகளுக்குக் கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். அதனால் மூன்றரை மாதம் ஏதாவது ஒரு கரையில் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றையாவது பார்த்து அவர் உச்சுக்கொட்டாமல் வீடு திரும்பமாட்டார்.

ஆகவே வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் ஏறவில்லையா? முதலில் காற்றுத் திருகைத் திறங்கள். ஃபில்ட்டரில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள், பிளக்கைக் கழற்றித் துடையுங்கள், புரொப்பெல்லரில் நூல் சுற்றியிருந்தால் அறுத்தெடுங்கள். இவ்வளவுக்கும் காலணா செலவில்லை. கரை எஞ்சினீயரைக் கடைசியில் கேளுங்கள். அவருக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அவர் பேசி முடிக்கும்வரை குழுவில் உள்ள எட்டுப் பேருக்கும் டீ நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.