மோசமாவதில் எத்தனை விதம்!

கேள்வி: ஸ்பானிய மொழியில் நிலைமை மோசமாவதைச் சொல்ல இத்தனை வினைச்சொற்களா? எதை எங்கே போடுவது?

பதில்: தயக்கம் வந்தால் 'எம்பெயோரார்'. வானிலை, காய்ச்சல், பரீட்சை மதிப்பெண் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'அக்ராவார்சே' ஏற்கெனவே தலைவலியாக இருப்பவற்றுக்கு: நோய், வறட்சி, நெருக்கடி. நன்றாக இருந்தது மெல்ல நலிந்தால் 'தெதெரியோரார்சே'. பழைய சுவரும் இரு நாட்டு உறவும் இதில் அடக்கம்.

எனக்குப் பிடித்தது 'ரெக்ருதெசேர்'. பச்சை, கடுமை என்று பொருள்படும் 'குரூதோ' அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தணியத் தொடங்கிய குளிரோ சண்டையோ மறுபடி சீறும்போது, அந்தச் சீற்றத்தை ஒரே சொல்லில் பிடித்துவிடுகிறது. எவ்வளவு கூர்மையான சொல்! மீன் கெட்டுப்போனால் மட்டும் இவற்றை விட்டுவிட்டு, 'எச்சார்சே அ பெர்தேர்' என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கு உடனே புரியும்.