அரூர் ஷவர் வால்வு: ஓர் அகழாய்வு முன்னறிக்கை

அரூர் வட்டாரக் குளியலறைகளில் காணப்படும் ஷவர் வால்வுகள் இருவகைப்படும்: ஒழுகுவன, இனி ஒழுகப்போவன. முதல் வகை, மூடினாலும் சொட்டுவது, திறந்தாலும் சொட்ட மட்டுமே செய்வது என மேலும் இரண்டாகப் பிரியும். இரண்டாம் வகைக்குப் போதிய சான்றுகள் இல்லை. புதுமனை புகுவிழா நடந்த சில மாதங்கள் மட்டுமே அது உயிரோடு காணக்கிடைக்கிறது.

ஒழுகலின் மூலகாரணம் பற்றி அறிஞரிடையே கடும் பூசல் உண்டு. அரூர் இருக்கும் தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. எனவே வால்வைக் கெடுப்பதும் ஃபுளோரைடுதான் என்று ஒரு சாரார் தீர்ப்பெழுதிவிட்டனர். பல்லில் கறை ஏற்றுவதுதான் ஃபுளோரைடு. ஷவரை அடைப்பது கால்சியமும் மக்னீசியமும். காவிரி சமையலறைக் குடம் வரைதான் வருகிறது, மாடித் தொட்டியில் ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணிதான். அதிலுள்ள உப்பு வால்வின் உள்வாயில் வெள்ளையாகப் படிந்து இறுகும். வாஷர் சரியாக உட்காராது. சொட்டு நிற்கவில்லையே என்று வீட்டுக்காரர் மேலும் இறுக்குவார். அந்தச் சொரசொரப்பில் ரப்பர் அறுபடும். பிறகு சொட்டு, ஒழுக்காகப் பதவி உயர்வு பெறும்.

புளிக்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் புளிக்கரைசல் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் ஒரு பிரிவும் உண்டு. பித்தளை பளபளக்கும். ஒழுக்கு தொடரும்.

திறந்தாலும் சொட்டுவதற்கு அழுத்தக் குறைவே காரணம் என்னும் அழுத்தக் கோட்பாட்டாரையும் சற்றே கவனிக்கலாம். தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 3 மீட்டர் இருந்தாலே பெரிய விஷயம். ஆக, மழைபோல் பொழியும் என்று கடையில் சொல்லி விற்ற அகலமான ஷவரில் 0.3 பார் அழுத்தமே கிடைக்கும், தூறல்தான் விழும். உயரத்தின் அருமையை அறிய விரும்புவோர் அரூரை அடுத்த தீர்த்தமலைக்குப் போகலாம். அங்கே ராமர் தீர்த்தம் பாறை உச்சியிலிருந்து பக்தர்களின் தலையில் நேரே விழுகிறது. வால்வு இல்லாததால் பழுதும் இல்லை.

இனி முதன்மைப் பொருளுக்கு வருவோம். டைல்ஸுக்குள் புதைந்த கன்சீல்டு வால்வை மாற்றச் சுவரைக் கொத்தும் பிளம்பர், உண்மையில் ஓர் அகழாய்வாளர். நடுகற்கள் மலிந்த மாவட்டத்தில் இத்துறை இதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்தது வேதனைக்குரியது. மேலடுக்கு டைல்ஸ். அதன் கீழ் வெள்ளைச் சிமெண்ட், பிறகு சாந்து, பிறகு செங்கல். இவை எல்லாரும் அறிந்தவை. காலக்கணிப்பு தொடங்குவது மரையில்தான். ஜிஐ பைப்பின் மரையில் சணல் நாரும் வெள்ளைப் பெயிண்டும் தென்பட்டால் அது சணற்காலம். வெண்ணிற நாடா சுற்றியிருந்தால் டெஃப்லான் காலம். டெஃப்லான் அமெரிக்காவில் 1938இலேயே தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அதனால் அரூர்ச் சுவர்களையும் 1938க்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் துணிந்தார் (காண்க: ஹார்டுவேர் கடை ரசீது, பின்பக்கப் பென்சில் குறிப்பு). வயதைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளப் பாராட்டு விழா பெரிதாகும் என்பதைத் தமிழாய்வு உலகம் அறியாததல்ல.

இரண்டு காலங்களுக்கும் நடுவே எம்-சீல் படலம் ஒன்று குறுக்கிடுகிறது. இது தனி நாகரிகமா, அவசரத்தில் நடந்த படையெடுப்பா? கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதால் வீட்டுக்காரரே பூசியது என்பது வடக்குத்தெருக் கொள்கை. ரேகை கொத்தனாருடையது என்பது அதற்கான மறுப்பு (காண்க: மேற்படி ரசீதின் கார்பன் பிரதி, மூலத்தில் இவ்வரி இல்லை). மறுப்புக்கு மறுப்போ டீ கிளாஸ் வைத்த கறைவட்டத்துக்குள் இருக்கிறது. வட்டத்துக்கு வெளியே உள்ளவை இடைச்செருகல் என்பர் பழைய உரைகாரர். வட்டமே இடைச்செருகல் என்பர் புதியவர். இரு தரப்பாரும் குளியலறையை நேரில் பார்த்ததில்லை என்பது ஆய்வின் நடுநிலைக்குச் சான்று (காண்க: அதே ரசீது, ஈரம்பட்டு அழிந்த பகுதி, குறிப்பாக அழிந்த மூன்றாம் வரி).

அளவியலில் ஒரு குறிப்பு. கடையில் ‘அரை இன்ச்’ என்று கேட்டு வாங்கும் மரையின் வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர். அரை இன்ச் என்பதோ 12.7 மில்லிமீட்டர். இதை எடுத்துச் சொல்லிக் கடைக்காரரோடு வாதிட்டவர்களுக்கு வால்வு கிடைத்ததில்லை.

சுவரைத் தோண்டாமலே முடியும் வேலை இது என்பது அகழாய்வாளர்கள் வெளியில் சொல்லாத செய்தி. பல பழைய வால்வுகளில் பித்தளை உடல் கெடுவதில்லை. உள்ளிருக்கும் ஸ்பிண்டிலும் வாஷரும்தான் தேயும். தொட்டி வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை முன்பக்கமாகவே திருகி எடுத்துவிடலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் மரையும் நீளமும் மாறும் என்பதால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உடலே விரிசல் விட்டுச் சுவர் ஈரம் கோத்திருந்தால் மட்டும் டைல்ஸில் கை வையுங்கள். அதற்கு முன், அதே டைல்ஸில் இரண்டு எங்காவது மிச்சம் கிடக்கிறதா என்று பரணில் தேடிப் பாருங்கள்.