எடைக்குப் போகாத யந்திரங்கள்

வாங்கிய காலத்தில் வீட்டம்மாளின் கைவளை இரண்டை வங்கிக்கு அனுப்பி வைத்து, வந்து இறங்கிய தினத்தில் சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று, பிறகு பத்து வருஷ காலம் குழந்தைகளின் சண்டைக்கும் பெரியவர்களின் பெருமைக்கும் காரணமாயிருந்த ஒரு கம்ப்யூட்டரை, பழைய பேப்பர்காரர் தராசில் தூக்கிப் பார்த்து, "இரும்புக்கு மட்டும் காசு சார், பிளாஸ்டிக்கைக் கழிச்சுக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லும்போது, நிலையாமையைப் பற்றி நமக்கு எந்தப் பௌராணிகரும் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. அந்த வைராக்கியம் ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் யந்திரத்தைக் கொடுத்துவிட்டுச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். என்னைப் போன்ற சிலருக்கோ வேறு விதமான புத்தி உண்டாகிறது. இதையும், ஊரார் கழித்துக் கட்டிய இன்னும் சிலவற்றையும் சேர்த்து, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் சோதனைச்சாலை ஸ்தாபித்தால் என்ன? இப்படிப்பட்ட ஸ்தாபனத்தை இந்தக் காலத்துப் பையன்கள் 'ஹோம் லேப்' என்கிறார்கள். என் மனைவி 'காயலான் கடை' என்கிறாள்.

காலமும் எனக்கு அநுகூலமாக அமைந்தது. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்து வந்த பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பின் வந்த விண்டோஸ் 11-ஓ, உள்ளே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறதா, இன்டெல் பிராசஸரானால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதானா என்றெல்லாம் பூர்வோத்தரம் விசாரித்துவிட்டு, திருப்தியில்லையென்றால் படியேறவே மறுத்துவிடுகிறது. பத்திரத்தை உத்தேசித்து அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். ஆனால் நான்காம் தலைமுறையில் பிறந்த ஒரே குற்றத்துக்காகத் திடகாத்திரமான யந்திரங்கள் ஆபீசுகளிலிருந்து வரிசை வரிசையாக வெளியேற்றப்பட்டபோது, அந்த நியாயத்தின் பலன் மலிவு விலையில் என் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது ஒரு நான்காம் தலைமுறை ஐ5. உருவத்தையும் மின்சாரப் பசியையும் கருதி அதற்குப் பீமன் என்று நாமகரணம் செய்தேன். அடுத்தது, என் அக்காள் மகன் பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் ஆரம்பமான அந்தத் திட்டத்தினால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. பையன் அதிலேயே படித்து, பெங்களூரில் உத்தியோகமும் ஆகி, இப்போது ஆபீஸ் கொடுத்த பளபளப்பான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறபடியால், 2 ஜிபி ரேமுடன் இந்த ஜீவன் என்னிடம் அடைக்கலம் புகுந்தது. கேட்டாலொழியப் பேசாத சுபாவத்தினால் இதற்குச் சகாதேவன் என்று பெயர். மூன்றாவதாக என் சகலை, தம் வீட்டுப் பரணைக் காலி செய்யும் நோக்கத்தை உபகாரம் என்ற போர்வையால் மூடி, ஒரு பென்டியம் 4-ஐக் கொண்டுவந்து இறக்கினார். வயோதிக யந்திரங்களையெல்லாம் ஆதரித்து வந்த டெபியன் என்ற இயங்குதளம்கூட, 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் யந்திரங்களில் புதிதாகக் குடியேற வழியில்லாமல் செய்துவிட்டது. ஆகையால் பீஷ்மர் என்று பெயர் சூட்டப்பெற்ற அவர் இன்றுவரை படுக்கையில்தான் இருக்கிறார். ஸ்குரூக்கள் தேவைப்படும்போது அவர் சரீரத்திலிருந்து கழற்றிக்கொள்கிறேன்.

உறுப்புகள் தேடுகிறவனுக்குச் சென்னையில் க்ஷேத்திரம் ஒன்றுதான். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரின் எந்த அவயவம் கழன்றாலும் அது என்றைக்காவது அங்கே வந்து சேரும் என்பது இந்த நகரவாசிகளின் திடமான நம்பிக்கை. பீமனுக்கு வேண்டியது டிடிஆர் 3 வகை ரேம். இதற்கு 240 பின்கள். இதற்கு அடுத்து வந்த டிடிஆர் 4-க்கு 288. விளிம்பில் உள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால், எவ்வளவு பலாத்காரம் செய்தாலும் ஒன்றன் ஸ்தானத்தில் மற்றொன்று உட்காராது. டப்பா நிறையக் குவித்து வைத்திருந்த ரேம்களிலிருந்து, பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கொடுத்தான் கடைப் பையன்.

"தம்பி, இது ஓடுமா?"

"ஓடும் சார்."

"வாரன்டி?"

"டெஸ்டிங் வாரன்டி சார்."

"அப்படியென்றால்?"

"இங்கயே போட்டுக் காட்டுவேன். ஓடுச்சுன்னா எடுத்துக்குங்க. தெருமுனை தாண்டிட்டா அது உங்க பொருள்."

ஒப்பந்தச் சட்டத்துக்குப் பெரிய வக்கீல்கள் எழுதிய வியாக்கியானங்களில்கூட இவ்வளவு தெளிவான ஷரத்தை நான் கண்டதில்லை.

பீமனின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறாத குடித்தனங்கள் உள்ளே நடந்து வந்தது தெரிந்தது. விசிறிக்குப் பின்னால் கம்பளியாய்த் திரண்ட தூசி, எஸ்.எம்.பி.எஸ். ஓரத்தில் பல்லி இட்டுப் பொரித்துப் போன இரண்டு முட்டை ஓடுகள். பிராசஸரின் தலையில் பூசியிருந்த பசை காய்ந்து, வெள்ளைப் பொருக்காய் உதிர்ந்தது. இந்தப் பசை இளகின நிலையில் இருந்தால்தான் பிராசஸரின் உஷ்ணம் மேலேயுள்ள அலுமினியத் தகடுகளுக்குச் சரியாக ஏறும். காய்ந்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் யந்திரம் தானாகவே அணைந்துபோகும். சுரண்டித் துடைத்துவிட்டு, புதிதாகப் பச்சைப்பயறு அளவு வைத்தால் போதும். ரேமின் தங்க நிறப் பின்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உபயோகிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவது, நம் நாட்டு மெக்கானிக்குகளின் கைகண்ட சிகிச்சை. செத்துவிட்டதென்று கைவிடப்பட்ட யந்திரங்கள் எத்தனையோ அந்த இரண்டு ரூபாய் ரப்பரால் உயிர் பெற்றிருக்கின்றன.

உயிர் பெற்ற பீமன், தான் 2013-ஆம் வருஷத்தில் இருப்பதாகச் சாதித்தான். இதன் காரணம் தாய்ப்பலகையின் மூலையில் பதிந்திருக்கும் சிஆர் 2032 என்ற பட்டன் பேட்டரி: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். யந்திரம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது இதுதான். இது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் காலம் பின்னுக்குப் போய்விடும். வேடிக்கை அதோடு நிற்பதில்லை. இன்றைய இணையதளங்கள் தங்கள் யோக்கியதைக்கு அத்தாட்சியாகக் காட்டும் சான்றிதழ்களிலெல்லாம் ஆரம்ப தேதி என்று ஒன்று உண்டு, 2013-இல் உட்கார்ந்திருக்கும் யந்திரமோ, "இந்தத் தேதி இன்னும் பிறக்கவேயில்லையே!" என்று வங்கியிலிருந்து ரெயில்வே வரைக்கும் சகலரையும் போலிகள் என்று ஒதுக்கிவிடுகிறது. பழைய காலமே சத்தியம் என்று சாதிக்கும் பெரியவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்குப் பேட்டரி மாற்ற முடிவதில்லை.

பிறகு லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் வெறும் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதி வருவதாகவும் அது பெரிதாக ஒன்றும் ஆகிவிடாதென்றும் உலகத்துக்கு அறிவித்தார். இன்று கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்டுக்கும் அதுவே அஸ்திவாரம். பொழுதுபோக்கென்று ஆரம்பித்த காரியங்கள் எங்கே போய் முடியக்கூடும் என்பதற்குத் திருஷ்டாந்தமாக இந்தச் சரித்திரத்தை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எடுத்துச் சொன்னேன்.

"அப்போ அவருக்கு என்னங்க வயசு?" என்றாள் மனைவி.

"இருபத்தொன்று."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லாமல், எனக்கு ரசம் விட்டாள்.

யந்திரங்களைப் பிணைக்கும் ஈதர்நெட் கேபிளின் நுனியைத் தயார் செய்வதற்கு ஈடான ஒரு தியானப் பயிற்சியை நான் அறியேன். மேல் தோலைச் சீவினால் நான்கு ஜோடிகளாக முறுக்கிய எட்டு மெல்லிய கம்பிகள் தலை நீட்டும். அவற்றின் முறுக்கைப் பிரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற கிரமம் தவறாமல் விரல் நுனியில் வரிசையாக நிறுத்தி, ஒரே நீளத்துக்குக் கத்தரித்து, கண்ணாடி போன்ற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் முனைக்குள் செலுத்தி, கிரிம்பிங் குறடால் ஒரே அழுத்து அழுத்த வேண்டும். எட்டில் ஒன்று பக்கத்து வீட்டுப் பள்ளத்தில் இறங்கியிருந்தாலும் முனையை வெட்டி எறிந்துவிட்டு ஆதியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிகிற வயதில் இதைச் செய்து முடிப்பவனுக்கு, ஊசியில் நூல் கோத்துத் தரும்படி வீட்டில் உடனே உத்தரவு பிறக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கம்பி போட்டாயிற்று, விலாசம் வேண்டும். வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்ட 192.168 என்று தொடங்கும் எண்களிலிருந்து, ரௌட்டரானது தன் இஷ்டப்படி ஆளுக்கொன்று வழங்குகிறது. யந்திரத்தை அணைத்துச் சில நாள் கழித்து எழுப்பினால் வேறொன்றைத் தந்தாலும் தரும். பழைய எண், புது எண் என்று இரண்டையும் வாசலில் எழுதி வைத்துக்கொண்டு, கடிதம் எதற்கு வரும் என்று தெரியாமல் வாழும் சென்னைக் குடித்தனக்காரனுடைய நிலைமைதான் இது. பீமனுக்கு மட்டும் விலாசம் மாறக்கூடாதென்று ரௌட்டரில் நிரந்தரப் பட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஏனென்றால், பை-ஹோல் என்ற உத்தியோகத்தை அவனுக்குத்தான் கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியாவது விளம்பரக் கம்பெனியின் விலாசத்தைக் கேட்டால், "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்புவதே அந்த உத்தியோகம். யூடியூப் விளம்பரங்கள் படம் வருகிற வழியாகவே வந்துவிடுவதால் இதற்குச் சிக்குவதில்லை. மற்றபடி பத்திரிகைத் தளங்களெல்லாம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டன. இந்தச் சுபிட்சம் ஆடி மாதம் வரையில் நீடித்தது.

"பக்கத்து வீட்டு அம்மாவுக்கெல்லாம் தெரியுற ஆடித் தள்ளுபடி நமக்கு மட்டும் ஏங்க தெரியாமப் போச்சு?"

இதனால் மிச்சமான தொகையைக் கணக்கிட்டால் பீமன் தன் கிரயத்தைச் சம்பாதித்துவிட்டான் என்று சொல்ல நினைத்தேன்; சொல்லவில்லை.

கணக்கு என்றதும் மின்சாரம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இராப்பகலாக 60 நாள் ஓடினால் 86 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். சர்க்கார் குடும்பத்துக்கென்று கொடுத்ததைப் பீமன் ஒருவனே கபளீகரம் செய்துவிடுகிறான். ஆதலால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் அபிப்பிராயம், மடிக்கணினியிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதே. அது குறைவாகச் சாப்பிடும். மின்வெட்டு வந்தால் சொந்த பேட்டரியே யு.பி.எஸ். வேலை பார்க்கும். ஆனால் எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். மூடி சரியாகப் படியாமல் மேடு தட்டினால், தயவு தாட்சணியம் பாராமல் உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்திப் பார்ப்பதும் குப்பையில் எறிவதும் நெருப்போடு விளையாடுவதாகும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்கள், பணம் மிச்சம் என்ற பதிலை எதிர்பார்க்க வேண்டாம், அது கட்டுக்கதை. விலை உயர்ந்த புது யந்திரத்தின் மூடியைத் திறக்க எவனுக்கும் துணிவு வருவதில்லை. திறக்காதவனுக்கு வித்தையும் வருவதில்லை. பீமனை நான் பல தடவை அடியோடு அழித்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன்; ஒரு தடவையாவது வீட்டில் யாருக்கும் இரத்தக் கொதிப்பு ஏறியதில்லை. இந்தச் சௌகரியம் கடையில் புதிதாகக் கிடைக்காது.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மடிக்கணினிக்குரிய சின்ன அளவு டிடிஆர் 3 ரேம், 4 ஜிபி, எவர் வீட்டு மேஜை டிராயரிலாவது சும்மா கிடந்தால் தயை கூர்ந்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். சகாதேவன் மிகவும் சிரமப்படுகிறான். நேரில் கொண்டுவருகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் வருவது உத்தமம். அந்த நேரத்தில் வீட்டம்மாள் கோயிலுக்குப் போயிருப்பாள்.