குன்னூர் எலிக்கு வாய்த்த யோகம்

மருத்துவம் சேவைத் தொழில் என்பார்கள். யாருக்குச் சேவை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீலகிரி இருநூறு வருஷக் கணக்கை எடுத்து நீட்டிவிடும்.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சமவெளிக் காய்ச்சலில் துவண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற்றிக்கொள்ளும் இடமாக ஊட்டி உருவானது. மலைப் பழங்குடியான தோடரின் மேய்ச்சல் நிலம் துரைமாரின் ஆரோக்கிய நிலையம். சரி, தோடருக்குக் காய்ச்சல் வந்தால்? அவர்தான் ஏற்கெனவே மலைமேல் இருக்கிறாரே, இன்னும் எங்கே ஏறுவது!

1860களில் தென் அமெரிக்காவின் சின்கோனா மரத்தைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். நடுவட்டத்தில் அந்த வேலைக்குச் சீனக் கைதிகள். அந்த மரப்பட்டையில் எடுத்த காய்ச்சல் மருந்தான கொய்னாவை விழுங்கித்தான் சாம்ராஜ்யம் கொசுவுக்கு அஞ்சாமல் நடந்தது. கைதியின் முதுகு மட்டும் மருத்துவ நூல்கள் விவரிக்காத உறுப்பு.

1914-இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேனாட்டு மருத்துவம் படித்தவருக்கே பதிவேட்டில் இடம். காட்டு மூலிகையைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லும் குறும்பர் மந்திரவாதி. புத்தகம் பார்த்துச் சொல்பவர் டாக்டர்.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1907 முதல் வெறிநாய்க்கடிக்கு ஊசி தந்து உயிர் காத்த இடம். கேலி செய்யும் வேலையை நம் அரசே பார்த்துக்கொண்டது: 2008-இல் அங்கே தடுப்பூசித் தயாரிப்பை நிறுத்திவைத்து, 2010-இல்தான் மனம் இரங்கியது.

அங்கேதான் ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர் ராபர்ட் மெக்காரிசன் எலி வளர்த்தார். சில எலிகளுக்குச் சீக்கியர் சாப்பாடு: சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, அவ்வப்போது இறைச்சி. கொழுகொழுவென்று வளர்ந்தன. வேறு சிலவற்றுக்குச் சென்னை மாகாணத்து ஏழையின் அரிசிச் சாப்பாடு. நோஞ்சானாகிச் சீக்கில் விழுந்தன. உலகம் மெச்சிய ஆராய்ச்சி! பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் கேட்டிருந்தால் எலியே இல்லாமல் சொல்லியிருப்பார்கள். பாலும் வெண்ணெயும் எலிக்கு வந்து சேர்ந்தன. கொழுந்து பறிப்பவளுக்கு வந்தது முடிவுரை மட்டும். தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது முதலாளியின் பொறுப்பு என்று சொல்லவே 1951-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மெக்காரிசனின் ஆய்வுக்கூடமோ 1958-இல் மூட்டை கட்டிக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டது.

எலிக்கு அடுத்த முறை மனிதனுடையது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் பரம்பரை ரத்தக் கோளாறான அரிவாள் செல்லைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. எடுத்த ரத்தம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாகிப் புகழ் பெற்றது. கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்று ஒரு மருத்துவமனை வந்ததோ 1990-இல். அதையும் எழுப்பியது சர்க்கார் அல்ல; ஆதிவாசிகளும் அவர்களோடு தோள்கொடுத்து நின்ற ஒரு சில டாக்டர்களும். ரத்தம் எடுக்க அவசரம். வைத்தியம் பார்க்க முப்பத்தெட்டு வருஷ நிதானம்!

நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது. அதன் 700 படுக்கை மருத்துவமனைக்கு ரிப்பன் வெட்டியது 2025-இல். அதுவரை பெரிய சீக்கு எதுவானாலும் மலையில் எழுதிக்கொடுத்த மருந்து ஒன்றே: ‘கோயமுத்தூர் கொண்டு போங்க.’ கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி உயிர் மிஞ்சினால் அது மருத்துவத்தின் வெற்றி. மிஞ்சாவிட்டால், ‘லேட்டா கொண்டு வந்துட்டீங்க.’ குற்றம் எப்போதும் கொண்டு வந்தவன் தலையில்.

இப்போது கட்டடம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, கல்வெட்டில் பெரிய பெரிய பெயர்களும் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டிய டாக்டரின் பெயரையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். தினமும் ஒட்டுங்கள். ஒட்ட ஒரு பெயர் கிடைக்காத நாளில் கல்வெட்டைப் பெயர்த்தெடுத்து, அதில் பெயருள்ளவர்களைக் கொண்டுவந்து அந்த வார்டில் நிறுத்துங்கள்.