மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். பரிமேலழகர் இந்த நான்கையும் நந்நான்காகப் பிரிக்கிறார். கவனிப்பவரிடம் அவர் எதிர்பார்ப்பவை: நோயாளியின்மேல் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. நீச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் காஞ்சிபுரத்தவர் என்பார்கள். அங்கே அது தேவைப்பட்டிருக்காது. அந்தமான் நிக்கோபாரில் வேலை பார்க்கும் செவிலியர்களைக் கருதி, மருத்துவத்தின் ஐந்தாம் கூறாகக் கடலைச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து அங்கே 836. மக்கள் வாழ்வது முப்பது சொச்சத்தில். மேல்சிகிச்சைக்கு எல்லாரும் வந்து சேருமிடம் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. 2024 முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம். மருத்துவமனை 1963இல் செல்லுலர் சிறை வளாகத்தில் அமைந்தது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த மருத்துவமனையையும் தாண்டிய சிகிச்சை என்றால் சென்னை, கடல்வழியே 1190 கிலோமீட்டர். ஆகவே ‘ரெஃபர்’ சீட்டில் டாக்டர் கையெழுத்துப் போட்டபின் வானிலையும் சம்மதிக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் மே மாதமே தொடங்கும், வடகிழக்குப் பருவம் டிசம்பர் வரை இழுக்கும். இடையில் ஹெலிகாப்டர் வரும் என்பார்கள், மேகம் இறங்கும், வராது. நோயாளியின் உறவினர் டாக்டரிடம் கேட்க மாட்டார், கப்பல் கேப்டனிடமும் கேட்க முடியாது. சிஸ்டரிடம்தான் கேட்பார்.

பிரசவத் தேதியைக் கணிக்க நர்சிங் மாணவிகள் நேகெலே விதியைப் படிக்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் விடை. தீவில் அந்த விடையிலிருந்து கப்பல் நாளைக் கழிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் காற்று எழும் மாதத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பாடநூலிலும் கிடையாது. ஆனால் ஹட் பே, கமோர்ட்டா போன்ற தீவுப்பகுதிகளில் வேலை பார்த்த ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) ஒவ்வொருவரும் இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். தடுப்பூசி விஷயமும் அப்படியே. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். படகு அலையில் எத்தனை டிகிரி சாய்ந்தாலும் சரி. குமட்டலை அடக்கிக்கொண்டு, ஐஸ் வைத்த பெட்டியை வெயில் படாமல் மடியில் அணைத்தபடி போகிற பெண்ணுக்கு எத்தனை மரியாதை செய்தாலும் போதாது என்பேன்.

இனி மருத்துவப் படிவத்துக்கு வருவோம். லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே நூறு பேரளவில்தான் இருக்கிறார்கள். வேட்டையும் மீனும் தேனும் கிழங்கும் கொண்டு வாழ்ந்துவந்த மக்கள். அவர்களிடம் போய் மாத்திரையைக் கொடுத்து “மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுப்பன்றி கிடைத்த நாளில் அவர்களுக்கு ஒரே வேளை, நாள் முழுக்க. கிடைக்காத நாளில் எந்த வேளை? படிவத்தில் அடுத்த கட்டம் வயது, பிறந்த தேதி. அதற்கடுத்தது வலியின் அளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண். முதுகில் கட்டி பழுத்துப்போய், காய்ச்சலோடு, காடு முழுக்க நடந்து வந்து உட்காருகிறவரிடம் எண் கேட்கும் முறை எங்கோ வேறோர் ஊருக்காகச் செய்யப்பட்டது. இதில் சிரிப்புக்குரியது அந்தப் படிவம்தான், அந்த மனிதரல்ல. இந்த வேறுபாடு தெரியாதவர் தீவுக்குப் பணிக்குப் போகக்கூடாது.

அந்த வேறுபாடு தெரிந்த ஒரு செவிலியரின் பெயர் சாந்தி தெரேசா லக்ரா. நடு அந்தமானின் ரங்கத்தைச் சேர்ந்தவர்; காடு திருத்தப் பிரிட்டிஷார் ராஞ்சிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஓராவோன் பழங்குடி வழியினர். 2001இல் டுகாங் கிரீக்குக்குப் பணிமாற்றம். அங்கே முதல் வேலை ஊசி போடுவதல்ல, ஊசியை ஏற்கும் அளவுக்குப் பழகுவது. குடிலுக்குக் குடில் போய் உட்கார வேண்டும். வேட்டைக்குப் போன குடும்பத்தைத் தேடிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு; கையுறை, முகக்கவசம் எனத் தொடரும் பாதுகாப்பு விதிகளில் முதலைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் புகுந்தது. நீர் பின்வாங்கியதைக் கண்ட ஓங்கே மக்கள் மேட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்கள், பிழைத்தார்கள். லக்ரா அவர்களோடு காட்டிலேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். கைக்குழந்தையாயிருந்த மகனைப் பிரிந்து அந்தக் காலத்தைக் கழித்தார். 2010இல் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் வந்தன. நைட்டிங்கேல் இந்தியாவின் சுகாதாரம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர், ஆனால் இங்கே வந்ததே இல்லை. அவர் பெயரிலான விருது டுகாங் கிரீக்கில் நடந்து தேய்ந்த கால்களுக்குப் போய்ச் சேர்ந்தது பொருத்தம்.

அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் விஷயத்தில் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். பல பத்தாண்டுகளாக வெளியாரை அம்பால் எதிர்கொண்டவர்கள் அவர்கள். 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சில மாதம் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அவன் கூட்டத்தார் ஆயுதமின்றி வெளியே வந்தார்கள். வார்டில் அவனுக்குச் சோறூட்டியவர்கள், கட்டு மாற்றியவர்கள் யார் யாரென்று மானிடவியல் நூல்கள் பெயர் குறிப்பதில்லை, குறித்திருக்க வேண்டும். ஆனால் 1999இல் அதே மக்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகம் நெருங்கினால் நோயும் நெருங்கும். தன் இருமல் தன் நோயாளியைக் கொல்லக்கூடும் என்று தெரிந்தும் அருகே போய்க் கவனிக்க வேண்டியிருப்பதுதான் இந்தத் தொழிலின் ஆகக் கடினமான நேரம் என்று நான் கருதுகிறேன். கடலைவிட, முதலையைவிட.

ஆகவே பாடத்திட்டமும் படிவமும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் கழியும் நாளையும் பணிநாளாகவே எண்ணுங்கள். தீவுக்கு அனுப்பும் முன் அந்த மக்களின் மொழியைச் சில வாரமாவது கற்றுக்கொடுங்கள். அடுத்த படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன், ஹட் பேயிலோ கமோர்ட்டாவிலோ பணிபுரிந்த ஒரு செவிலியரை அழைத்து அதைப் படித்துக்காட்டி, அவர் அடிக்கச் சொல்லும் கட்டங்களை அடித்துவிடுங்கள்.