மஞ்சள்கரு எங்கே போயிற்று?
பாரம்பரிய வீட்டில் ஓரிரவு தங்கல் குறித்த ஆய்வு

1. ஆய்வின் தோற்றுவாய்

காரைக்குடிக்கு அருகே காணாடுகாத்தானில், தங்கும் விடுதியாக மாறிய ஒரு பழைய நகரத்தார் வீட்டில் இரவு படுத்து, காலையில் பலகாரமும் சாப்பிட்டுவிட்டு இவ்வாய்வாளர் நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூருக்குத் திரும்பினார். ஊரார் முதலில் வாடகையைக் கேட்டார்கள். சொன்னதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு என்று அடுக்கிப் பார்த்தும் ஆள் அசையவில்லை. சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்கிறது என்றபோதுதான், கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப மஞ்சக்கருவ என்னடா பண்ணுனாங்க?"

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமையில் வெள்ளைக்கருவுக்குப் பங்கு உண்டு. மஞ்சள்கருவைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. இக்குறையைத் தீர்க்கும் கடமை நாமக்கல் மாவட்டத்தாருக்கே உரியது. தினமும் கோடிக்கணக்கில் முட்டையை லாரி ஏற்றிவிட்டு, தங்கத்தின் விலைக்கு முன்பாக முட்டை விலையைப் பார்க்கும் மக்கள் இவர்கள்.

2. இலக்கணம்

வெண்ணந்தூர்க்காரர் வெளியூரில் இரவு தங்குவதற்கு மரபான இடங்கள் இரண்டு: சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபம். இரண்டிலும் வாடகை கிடையாது, மொய் உண்டு. பிறர் வீட்டில் காசு கொடுத்துப் படுப்பது மூன்றாவது வகை. இதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் தனியாக ஒரு திட்டமே வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். உரிமையாளர் குடும்பமும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகள் பல இந்த இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. அறைகள் அதிகம், குடும்பமோ சென்னையில். காரைக்குடியில் 'தி பங்களா' 1999இல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டது. காணாடுகாத்தானில், தந்தை ஒருவர் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' விடுதியாயிற்று. கொத்தமங்கலம் சாரதா விலாசைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் புதுப்பித்தார்கள். சீர் சாமான் அடுக்கிப் பூட்டி வைத்த அறைகளில் இன்று ஏசி ஓடுகிறது.

3. அளவீடு

வழிகாட்டிகள் சொல்லும் முட்டைக் கணக்கை ஆய்வு ஏற்கவில்லை. முகப்பில் ஆயிரக்கணக்கில் இருந்த முட்டை, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் நுழைவதற்குள் லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. விகிதத்தை மட்டும் மறுக்க முடியாது. கோழிமுட்டையின் எடையில் ஏறக்குறைய 60 சதம் வெள்ளைக்கரு, 30 சதம் மஞ்சள்கரு, 10 சதம் ஓடு. ஆகவே சுவரில் இரண்டு படி வெள்ளை ஏறியிருந்தால், ஒரு படி மஞ்சள் கணக்கில் வராமல் நிற்கிறது.

பூச்சின் தரத்தில் ஐயமில்லை. சுண்ணாம்பையும் மணலையும் அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்குக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, வெள்ளைக்கரு சேர்த்து இழுத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அதில் கன்னத்தை வைத்தால் மண்பானையைத் தொட்டதுபோல் சில்லென்றிருக்கிறது. இப்பரிசோதனையை மேலாளர் பார்த்துவிட்டார். "தலைவலிங்களா சார்?" என்று கேட்டு மாத்திரை கொடுத்தனுப்பினார்.

4. கருதுகோள்கள்

அ) நாமக்கல் கருதுகோள். முட்டை எங்கள் மாவட்டத்திலிருந்து போயிருந்தால் கணக்கும் இங்கேயே கிடைக்கும் என்பது பெரியப்பாவின் வாதம். காலம் பொருந்தவில்லை. அந்த வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. நாமக்கல்லில் பண்ணைகள் பெருகியது 1970களுக்குப் பிறகு. சுவருக்குப் போனது நாட்டுக்கோழி முட்டை. சிறிய முட்டை என்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும், சிக்கலும் கூடும்.

ஆ) குழம்புக் கருதுகோள். மிஞ்சிய மஞ்சள்கருவைத் தீர்க்கவே செட்டிநாட்டு முட்டைக் குழம்பு பிறந்தது என்று ஒரு தரப்பு சொல்லக்கூடும். குழம்பில் மிதப்பது முழு முட்டை. வெள்ளையைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு முழு முட்டையை வேக வைக்க எந்த ஆச்சியாலும் ஆகாது. தள்ளுபடி.

இ) ரங்கூன் கருதுகோள். தேக்கு ஏற்றி வந்த கப்பல் வெறுங்கையோடு திரும்புமா, மஞ்சள்கருவை ஏற்றிக்கொண்டு போயிருக்காதா என்பது. கடல் வெயிலில் இரண்டாம் நாளே மாலுமிகள் கடலில் குதித்திருப்பார்கள். தள்ளுபடி.

ஈ) கொத்தனார் கருதுகோள். வேலை செய்தவர்களே சாப்பிட்டார்கள் என்பது. இவ்வளவு எளிய விடையை ஆய்வுலகம் விரும்புவதில்லை என்பதால் இது கடைசியில் வைக்கப்பட்டது.

5. கள ஆய்வு

காலை எட்டரை மணி, உணவுக் கூடம். வாழையிலையில் இட்லி, வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. பக்கத்து மேசையில் பெங்களூரிலிருந்து வந்த தம்பதி வெள்ளைக்கரு ஆம்லெட் மட்டும் போதும் என்றார்கள்; கொழுப்பாம். ஆய்வாளர் உடனே பணியாரத்தை விட்டுவிட்டு அடுப்படி வாசலுக்குப் போனார்.

சமையல்காரர் முட்டையைப் பாத்திர விளிம்பில் தட்டி, ஓட்டை இரண்டாகப் பிளந்து, மஞ்சள்கருவை இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். வெள்ளை கீழே வழிந்தது. மஞ்சள் உடையாமல் எவர்சில்வர் டம்ளருக்குள் விழுந்தது. அதில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன.

"ஏனுங்கண்ணா, அந்த மஞ்சக்கருவெல்லாம் எங்கீங்க போகுது?"

அவர் ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க போகும்? பத்து மணிக்கு நாங்க சாப்பிட வேணாமா? வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரிச்சுருவோம். வேணுமா சார்?"

வாங்கிச் சாப்பிட்டதில், அன்றைய காலை உணவில் அதுவே தலைசிறந்தது எனத் தெரியவந்தது. அது மெனு அட்டையில் இல்லை.

6. முடிவுகள்

நான்காம் கருதுகோள் நிறுவப்படுகிறது. வெள்ளைக்கருவை அன்று சுவர் சாப்பிட்டது, இன்று விருந்தினர் சாப்பிடுகிறார். மஞ்சள்கரு இரு காலத்திலும் வேலை செய்கிறவர் வயிற்றுக்கே போயிருக்கிறது. சுவர் காட்சிக்கு நின்றதால் வெள்ளைக்கரு வரலாற்றில் ஏறியது. மஞ்சள்கருவைச் சாப்பிட்டவர் அடுத்த ஊரில் அடுத்த வீட்டுக்குச் சாரம் கட்டப் போய்விட்டார்.

7. பரிந்துரை

தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம் என்று வழிகாட்டிகள் ஒப்பிக்கும் பட்டியலில் 'உழைப்பு: உள்ளூர்க் கொத்தனார், மஞ்சள்கரு உட்பட' என ஒரு வரி சேர்க்கலாம். மெனு அட்டையில் 'கொத்தனார் பொரியல்' என ஒரு வரியும் சேர்க்கலாம். சேர்த்த மறுநாளே அதற்கு முந்நூறு ரூபாய் விலை வைப்பார்கள், சமையல்காரருக்குப் பத்து மணிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இரண்டாவது பரிந்துரை இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது.